ஆவணப்படம் எடுத்தாயிற்று, அனுப்பத் தெரியுமா?

விஸ்காம் முடித்தவர்கள், தொலைக்காட்சியில் சில ஆண்டு கேமரா பிடித்தவர்கள், தொண்டு நிறுவனங்களுக்கு வீடியோ செய்து கொடுப்பவர்கள் என்று ஆவணப்படத்தில் இறங்குபவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடனோ உடனோ வாங்கிப் படத்தை எப்படியும் முடித்துவிடுகிறார்கள். முடித்த பிறகுதான் தடுமாற்றம். நண்பர்களுக்கு லிங்க் அனுப்புகிறார்கள், தெரிந்தவர்களைக் கூட்டி ஒரு காட்சி போடுகிறார்கள், அடுத்த வாரமே யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு அத்தோடு அடங்கிவிடுகிறது.

பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல வாசல் திறந்திருக்கிறது. கேரள மாநில சலச்சித்ர அகாடமி 2008-இல் தொடங்கி நடத்திவரும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தை விட்டுவிட்டால் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. இந்தியப் படங்களுக்கான போட்டியில் நெடிய ஆவணப்படம், குறு ஆவணப்படம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் சிறந்த நெடிய ஆவணப்படத்துக்கு 2 லட்சம் ரூபாயும், குறு ஆவணப்படத்துக்கு 1 லட்சம் ரூபாயும் பரிசு. வாழ்நாள் சாதனை விருதும் உண்டு. 2018-இல் ஆனந்த் பட்வர்தனுக்குக் கொடுத்தார்கள், 2023-இல் தீபா தன்ராஜுக்கு.

பரிசு யாருக்கு என்பது நடுவர் குழுவின் கையில். ஆனால் படம் நடுவர் குழுவரை போய்ச் சேர்வது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நல்ல படங்கள்கூட வழியில் சிக்கிக்கொள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. சப்டைட்டில் சரியில்லை, பாட்டுக்கு அனுமதியில்லை, சுருக்கம் புரியவில்லை, கடைசித் தேதி போய்விட்டது என்று எல்லாம் சில்லறைக் காரணங்கள். படத்தை அனுப்புவது தனித் தொழில். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

எந்த விருது, எந்தப் படத்துக்கு?

எல்லா விழாவுக்கும் எல்லாப் படத்தையும் அனுப்புவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு. முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மும்பை சர்வதேசத் திரைப்பட விழா 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்கும் உரியது. மத்திய அரசின் விழா. அதன் உயரிய பரிசு தங்கச் சங்கு. லீனா மணிமேகலையின் 'தேவதைகள்' 2008-இல் அங்கே தங்கச் சங்கு வாங்கியது. காத்மாண்டுவில் 1997 முதல் நடக்கும் 'ஃபிலிம் சவுத் ஏசியா' தெற்காசிய நாடுகளின் ஆவணப்படங்களுக்கே உரியது. அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். சிறந்த படத்துக்கு ராம் பகதூர் கோப்பை. தேசிய விருது ஆண்டுதோறும் உண்டு என்றாலும், அதற்கு அந்தந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படமாக இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆண்டுதோறும் நடப்பதால் இந்த முறை தவறினாலும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டாம். சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் விழா நடக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்க வளாகம் நடந்து போகும் தூரம். முதல் ஆவணப்படம் எடுத்த தமிழ் இயக்குநருக்கு இதைவிடக் கைக்கெட்டும் தேசியப் போட்டி வேறில்லை என்பது என் கருத்து.

நம் ஊரிலும் மேடை இருக்கிறது. ஆர்.பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார். மலம் அள்ளும் தொழிலை அவர் மதுரைத் தெரு ஒன்றில் வைத்துப் படமாக்கியதும், அதன் பிறகு வந்த பல தமிழ் ஆவணப்படங்களும் இப்படிப்பட்ட சின்னத் திரையிடல்கள் வழியாகத்தான் மக்களிடம் போயின. போட்டிக்கு அனுப்புவதற்கு முன் இங்கே ஒருமுறை காட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் நாற்காலி நகர்கிறது, எந்த இடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை என்று பின்வரிசையில் நின்று கவனித்தால் போதும். எடிட்டர் ஒரு மாதம் சொல்லியும் நீங்கள் கேட்காத விஷயம் அங்கே பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

விதிமுறையைப் பென்சிலோடு படியுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் அகாடமி புதிதாக அறிவிப்பு வெளியிடும். போன ஆண்டு விதியை நம்பி அனுப்பாதீர்கள். படிக்கும்போது நான்கு விஷயங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, நீளம். நெடிய படத்துக்கும் குறு படத்துக்கும் நடுவே 40 நிமிடம் கோடு. ஆஸ்கரிலும் குறு ஆவணப்படத்துக்கு டைட்டில் உட்பட 40 நிமிடம்தான் உச்சவரம்பு. முதுமலையில் எடுக்கப்பட்டு 2023-இல் ஆஸ்கர் வென்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' அந்தப் பிரிவில்தான் வென்றது. உங்கள் படம் 43 நிமிடம் ஓடினால் எடிட் மேசைக்குத் திரும்புங்கள். 43 நிமிடப் படம் நெடிய பிரிவில் 90 நிமிடப் படங்களோடு மோத வேண்டும். 39 நிமிடமானால் அதன் இடமே வேறு. அந்த நான்கு நிமிடத்தை வெட்டுவதால் படம் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு, முடிந்த தேதி. எந்த நாளுக்குப் பிறகு முடிக்கப்பட்ட படம் என்று அறிவிப்பில் வரம்பு இருக்கும். தேதிக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம், அந்தப் பக்கம் ஒரு வாரம் என்று இருந்தால் அகாடமிக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூன்று, ஏற்கெனவே திரையிட்டிருக்கலாமா, இணையத்தில் பொதுவில் இருக்கலாமா என்பது. நான்கு, விண்ணப்பிப்பவர் யார் என்பது. இயக்குநரா, தயாரிப்பாளரா? படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும். மூன்று நண்பர்கள் சேர்ந்து எடுத்த படத்தில் இந்தக் கேள்வி சண்டையில் போய் முடியும். படப்பிடிப்புக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: உரிமை யாருக்கு, பரிசுப் பணம் எப்படிப் பிரியும், டைட்டிலில் யார் பெயர் எந்த இடத்தில். நட்பு கெடாமல் இருக்க அந்த ஒரு பக்கம் உதவும்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

2022 முதல் 2025 வரை விழா ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ நடந்தது. அதற்கு முன் ஜூனிலும் நடந்திருக்கிறது. அனுப்ப வேண்டிய கடைசி நாள் அதற்குச் சில மாதம் முன்பே வந்துவிடும். ஆகையால் பொங்கலுக்குள் எடிட் லாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஒலியும், டி.ஐ. என்னும் நிறச் சீரமைப்பும். மார்ச்சில் சப்டைட்டில். ஏப்ரல் முழுக்கக் கையிருப்பு நாட்கள். ஹார்டு டிஸ்க் போவது, எடிட்டருக்குக் கல்யாணம் வருவது, பேட்டி கொடுத்தவர் 'அந்த வரியை எடுத்துவிடு தம்பி' என்று கடைசி நேரத்தில் போன் பண்ணுவது எல்லாம் அந்தக் கையிருப்புக்குள் அடங்க வேண்டும்.

மூலப் பதிவுகளை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். ஆவணப்படத்தில் ரீடேக் கிடையாது.

காகிதம் படப்பிடிப்பில் தொடங்குகிறது

விருதுக்கு விண்ணப்பிக்கும்போது 'இந்தப் படத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிய அனுமதி பெற்றிருக்கிறேன்' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். போடுமுன் அது உண்மையாக இருக்க வேண்டும்.

படத்தில் பேசுபவரிடம் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு முழுதாகப் படித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைக் கேமராவிலேயே பதிவு செய்யுங்கள். பெயர், தேதி, படத்தின் பெயர், எங்கெல்லாம் காட்டப்படும் என்பது நான்கும் அதில் இருக்கட்டும். 'விழாக்களிலும் இணையத்திலும் தொலைக்காட்சியிலும்' என்று அன்றே எழுதிவிட்டால் பிறகு மறுபடி ஊருக்கு அலைய வேண்டாம். சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

சில இடத்தில் ஒப்புதல் இருந்தாலும் காட்ட முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு காக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையையும் தெருப் பெயரையும் அப்படியே விட்டால் பயனில்லை. ஊரில் இருப்பவருக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்றால் அந்தக் காட்சியை வேறு விதமாக எடுக்க வேண்டும்.

அடுத்தது பாட்டு. டீக்கடையில் பேட்டி எடுக்கிறீர்கள், பின்னால் இளையராஜா பாட்டு ஓடுகிறது. ரசனையாகத்தான் இருக்கும், உரிமை வாங்கப் போனால் படத்தின் மொத்தச் செலவைவிட அதிகமாகக் கேட்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைத்தவர், எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். ஒலிப்பதிவுக்குத் தனியே வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு. கடைக்காரரிடம் சொல்லி ஐந்து நிமிடம் ரேடியோவை நிறுத்தச் சொல்வதுதான் மலிவான வழி. பழைய செய்திப் படங்கள், நாளிதழ்ப் புகைப்படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். எங்கிருந்து எடுத்தோம், யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள் என்று எக்செல் கோப்பில் வரிவரியாகக் குறித்து வையுங்கள்.

தலைப்பு பெரிது, நுழைவாயில் சிறிது

தேர்வுக் குழுவினர் நாளெல்லாம் படம் பார்ப்பவர்கள். சாதி, நீர், நிலம், இடப்பெயர்வு என்று பெரிய தலைப்புகள் அவர்கள் மேசையில் குவிந்து கிடக்கும். தலைப்பின் முக்கியத்துவம் உங்கள் படத்தைத் தூக்கி நிறுத்தாது. அதற்குள் நீங்கள் எந்த வழியாக நுழைந்தீர்கள் என்பதுதான் அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

2019-இல் சிறந்த நெடிய ஆவணப்பட விருது வாங்கிய 'ஜனனிஸ் ஜூலியட்' இதற்கு நல்ல உதாரணம். பங்கஜ் ரிஷி குமார் இயக்கியது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் நடந்த சங்கர் ஆணவக் கொலைதான் படத்தின் பின்புலம். புள்ளிவிவரமும் தலைவர்களின் பேட்டியுமாக அதை எடுத்திருக்கலாம். அவர் புதுச்சேரியின் 'இந்தியனாஸ்ட்ரம்' நாடகக் குழுவின் ஒத்திகைக்குள் கேமராவைக் கொண்டுபோனார். அங்கே இளைஞர்கள் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைத் தங்கள் ஊர்க் கதையாக மாற்றிப் பார்க்கிறார்கள். காதலையும் சாதியையும் பற்றி நடிகர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் படமாகின்றன. தமிழ் மண்ணின் கதை, தமிழ் மேடை, கேரளத்தில் விருது.

உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு சிறிய நுழைவாயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு காலக்கெடு. மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும்.

தொடக்கம் பற்றி ஒரு கறாரான ஆலோசனை: ட்ரோனில் ஊரைச் சுற்றிக் காட்டி, கனத்த குரலில் வரலாறு சொல்லும் முதல் மூன்று நிமிடத்தை வெட்டி எறியுங்கள். யாராவது எதையாவது செய்துகொண்டிருக்கும் காட்சியில் தொடங்குங்கள். வரலாறு தேவைப்படும் இடத்தில் தானாக வரும்.

சுருக்கம் எழுதும் கலை

விண்ணப்பத்தில் இரண்டு வரிச் சுருக்கம் ஒன்றும், நூறு நூற்றைம்பது சொல்லில் நீளச் சுருக்கம் ஒன்றும் கேட்பார்கள். முதலில் படிக்கப்படுவது இதுதான். ஆனாலும் பலர் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறார்கள்.

உப்பளத்தைப் பற்றிய ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

'காலங்காலமாகச் சுரண்டப்படும் விளிம்புநிலை உப்பளத் தொழிலாளர்களின் கண்ணீர்க் கதையை உணர்வுபூர்வமாகப் பதிவு செய்யும் ஆவணம் இது.'

இதில் ஒரு ஆள் இல்லை, ஓர் ஊர் இல்லை, நடக்கும் செயல் எதுவுமில்லை. 'உணர்வுபூர்வமா' என்று பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எடுத்தவர் சொல்லக் கூடாது. இதையே இப்படி எழுதலாம்:

'மழை வந்தால் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அடுத்த பருவத்துக்கு முன்பணம் வாங்கி அந்த மாதங்களை ஓட்டுவது அம்மாவின் வழக்கம். இந்த ஆண்டு வேண்டாம் என்கிறாள் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள். கடைசி உப்பு வாரியதிலிருந்து முதல் பாத்தி கட்டுவது வரை, அந்த வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதமே படம்.'

இப்போது யார், எங்கே, எப்போது, என்ன பிரச்சினை என்று எல்லாம் தெரிகிறது. சுரண்டல் என்ற சொல் வராமலே சுரண்டல் தெரிகிறது. ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதுதான். ஆனால் முதலில் தமிழில் தெளிவாக எழுதிவிட்டு அதன்பின் ஆங்கிலத்துக்குப் போங்கள். தமிழிலேயே குழம்பியிருந்தால் மொழிபெயர்ப்பு காப்பாற்றாது.

இயக்குநர் குறிப்பில் உங்கள் சமூக அக்கறையை விவரிக்க வேண்டாம். அந்த மனிதர்கள் உங்களுக்கு எப்படிப் பழக்கம், எவ்வளவு காலம் கூட இருந்தீர்கள், எதை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஸ்டில் படங்களைப் படத்திலிருந்து உருவி அனுப்பாமல், படப்பிடிப்பின்போதே ஸ்டில் கேமராவில் எடுத்துவிடுங்கள். கேட்லாக்கிலும் பத்திரிகையிலும் அச்சாகப் போவது அதுதான்.

சப்டைட்டிலில் படம் பிழைக்கும், சாகும்

நடுவர்கள் பல மாநிலத்திலிருந்து வருபவர்கள். உங்கள் பாட்டி பேசும் கரிசல் தமிழை அவர்கள் வெள்ளை எழுத்தில்தான் கேட்பார்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு நாற்பது எழுத்துக்குள். ஒரு நொடிக்குக் குறைவாகத் திரையில் நின்றால் படிக்க முடியாது, ஏழு நொடிக்கு மேல் நின்றால் மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஷாட் மாறும்போது சப்டைட்டிலும் மாறினால் கண் உறுத்தாது.

பேசியதையெல்லாம் மொழிபெயர்க்கத் தேவையில்லை. 'அதான் சொல்றேன்ல, அன்னிக்கே சொன்னேன், கேட்டாத்தான' என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு சொல் போதும். பொருளும் தொனியும் போய்ச் சேர்ந்தால் சரி. வெயில் காட்சியில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். கறுப்பு ஓரம் கொடுங்கள். முடித்ததும் தமிழ் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, பேசாமல் முழுப் படத்தையும் காட்டுங்கள். அவர் எங்கே நெற்றியைச் சுருக்குகிறாரோ அங்கே திருத்தம் வேண்டும்.

ஒலி, ஃபிரேம், டி.சி.பி.

லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த படம் அரங்கில் தடுமாறுவதற்கு முதல் காரணம் ஒலி. படம் கொஞ்சம் ஆடினால் ஆவணப்படப் பார்வையாளர் மன்னிப்பார். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். பட்ஜெட்டில் லென்ஸ் வாடகையைக் குறைத்தாவது காலர் மைக்குக்கும் ஒலிப்பதிவாளருக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் அதன் அருமை தெரியும். மிக்ஸிங்கை ஹெட்போனில் முடிக்காமல் ஒருமுறையாவது பெரிய ஸ்பீக்கர் உள்ள அறையில் கேளுங்கள்.

போன் 30 ஃபிரேமில் எடுக்கும், கேமரா 25-இல் இருக்கும், அரங்கத்துக்கான டிஜிட்டல் பிரதியான டி.சி.பி. பெரும்பாலும் 24-இல் போகும். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் கலந்தால் கேமரா நகரும்போதெல்லாம் படம் குதிக்கும். படப்பிடிப்பின் முதல் நாளே எண்ணை முடிவு செய்து எல்லாக் கருவியிலும் அதையே வையுங்கள். டி.சி.பி. செய்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், தெரிந்த தியேட்டரிலோ பிரிவ்யூ அரங்கிலோ காலைக் காட்சிக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் இல்லாத டி.சி.பி.யை அனுப்பிவிட்டு விழா நாளன்று பதறுபவர்கள் எல்லா ஆண்டும் உண்டு.

டெல்லியின் அனுமதி

இந்தியாவில் தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் காட்ட முடியாது. விழாக்களுக்கு மட்டும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கும். 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. விழாவை நடத்துபவர்கள் படப் பட்டியலை அனுப்பி விலக்கு கேட்பார்கள். பெரும்பாலான படங்களுக்குச் சிக்கலில்லாமல் வந்துவிடும்.

எப்போதும் வந்துவிடாது என்பதற்குத் திருவனந்தபுரமே சாட்சி. 2017-இல் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ரோஹித் வெமுலாவை ஒட்டிய ஒன்று, காஷ்மீரைப் பற்றிய ஒன்று, ஜே.என்.யூ. மாணவர் போராட்டத்தைப் பற்றிய ஒன்று. 2019-இல் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்துக்கும் விலக்கு கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம் அது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற உத்தரவோடு படம் திரையிடப்பட்டது.

இதில் உங்களுக்கான பாடம் பயப்படுவது அல்ல. படத்தில் சொல்லும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் கையில் இருக்கட்டும்: அரசாணை, தீர்ப்பு நகல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், தேதியிட்ட செய்தி. கேள்வி வந்தால் அன்று மாலைக்குள் பதில் அனுப்பும் நிலையில் இருங்கள். உங்களுக்காக அகாடமி வாதாட வேண்டி வந்தாலும் அந்தக் கோப்புதான் துணை.

யூடியூபில் எப்போது?

'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-இல் திரையிட விடாமல் காவல்துறை தடுத்தபோது அதன் இயக்குநர் திவ்யபாரதி அதை யூடியூபில் ஏற்றினார். படம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவர் மீது வழக்குகளும் வந்தன. அங்கே மக்களிடம் போய்ச் சேர்வதுதான் முதல் நோக்கம். தெரிந்தே எடுத்த முடிவு. உங்கள் படத்துக்கும் அந்த அவசரம் இருந்தால் தயங்காமல் ஏற்றுங்கள்.

அவசரம் இல்லையென்றால் வரிசையை மாற்றாதீர்கள். இணையத்தில் பொதுவில் கிடைக்கும் படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை, தொலைக்காட்சிகளும் ஓடிடி தளங்களும் விலை பேசுவதில்லை. ஓராண்டு விழாக்கள், பிறகு கல்லூரிகளும் அமைப்புகளும் நடத்தும் திரையிடல்கள், அதன்பின் இணையம். அதுவரை பாஸ்வேர்டு போட்ட லிங்க் போதும். விண்ணப்பத்தில் கொடுத்த பாஸ்வேர்டை நடுவில் மாற்றிவிடாதீர்கள்.

தேர்வாகிவிட்டால்

கட்டாயம் நேரில் போங்கள். பயணப்படி உண்டா, தங்குமிடம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றாலும் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரிலாவது போய்விடுங்கள். கேரளத்துப் பார்வையாளர்கள் படம் முடிந்ததும் கலைந்து போகிறவர்கள் அல்லர். அரங்கில் கேட்டது போதாமல் வெளியே டீக்கடை வரை வந்து கேட்பார்கள். 'அந்த அம்மாவுக்குப் பிறகு என்ன ஆயிற்று? படத்தை அவர்களுக்குக் காட்டினீர்களா?' என்ற இரண்டு கேள்வியும் நிச்சயம் வரும். நேர்மையான பதில் வைத்திருங்கள். இன்னும் காட்டவில்லை என்றால், விழாவுக்குப் போகுமுன் ஊருக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் படம் மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பாதீர்கள். விழாவில் உட்கார்ந்து படம் பார்ப்பது கட்டணமில்லாத திரைப்படக் கல்லூரி. அடுத்த படத்துக்கான ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் அங்கேதான் கிடைப்பார்கள். கையில் அடுத்த படத்தைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். விருது வாங்கியவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி 'அடுத்து என்ன?' என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் கொல்கத்தாவின் டாக்எட்ஜ், 2024-இல் மும்பை விழாவோடு தொடங்கிய டாக் ஃபிலிம் பஜார் போன்ற இடங்களில் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து பேசலாம். பெங்களூரில் இருக்கும் இந்தியக் கலை அறக்கட்டளை போன்றவற்றிடம் நல்கைக்கும் விண்ணப்பிக்கலாம். திருவனந்தபுரத்தில் தேர்வான படம் என்ற ஒரு வரி அந்த விண்ணப்பங்களில் எடை கூட்டும்.

பணக் கணக்கையும் நேராகப் பார்த்துவிடுவோம். இரண்டு லட்சம் கிடைத்தாலும் ஒரு நெடிய ஆவணப்படத்தின் செலவு அதில் அடையாது. ஆவணப்படத்தில் வாழ்பவர்கள் கூடவே வேறு வேலையும் செய்கிறார்கள்: வகுப்பெடுக்கிறார்கள், பிறர் படத்துக்குக் கேமரா பிடிக்கிறார்கள், எடிட் செய்கிறார்கள். விருது அந்த வேலைகளுக்குக் கிடைக்கும் கூலியையும் மரியாதையையும் ஒரு படி உயர்த்துகிறது. அதுவே அதன் நடைமுறைப் பயன்.

தேர்வாகாவிட்டால்

காரணம் சொல்ல மாட்டார்கள்; கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஒரே குழு அடுத்த ஆண்டும் இருக்கலாம். தேர்வான படங்களின் பட்டியலை எடுத்து, கிடைக்கிறவற்றைப் பாருங்கள். உங்கள் படத்துக்கு அதில் இடம் இருந்திருக்குமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நீளத்தைக் குறைத்து, சப்டைட்டிலைத் திருத்தி, தேதி வரம்பு அனுமதித்தால் வேறு விழாவுக்கு அனுப்புங்கள். ஒரு விழா நிராகரித்த படத்தை இன்னொரு விழா பரிசு கொடுத்துக் கொண்டாடுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இன்றே கணினியில் உங்கள் படத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் ஐந்து உறைகள் போடுங்கள்: ஒப்புதல் படிவங்கள், உரிமைக் கடிதங்கள், சுருக்கமும் ஸ்டில்லும், சப்டைட்டில், டி.சி.பி. காலியாக இருக்கும் உறை எதுவோ, நாளைக் காலை முதல் வேலை அது. அறிவிப்பு வரும் நாளில் ஐந்தும் நிரம்பியிருந்தால், விண்ணப்பத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த படத்தின் வேலையைப் பார்க்கலாம்.